காலணியும் கத்தோலிக்கமும்: சமூகநீதி நோக்கில் ஓர் ஆய்வு

பழனிமலைத் தொடரின் தென்சரிவில், கும்பக்கரைக்கும் வட்டக்கானலுக்கும் இடைப்பட்ட காட்டுவழியில் வெள்ளகவி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதன் முகம் பெரியகுளத்துச் சமவெளியை நோக்கியே இருக்கிறது. நெடுங்காலம் வண்டிச்சாலை காணாத ஊர் அது. நோயுற்றவரைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்தே மலையிறக்க வேண்டியிருந்த ஊர். வீடுகளுக்கு நடுவே எங்கு திரும்பினும் கோயில்கள் இருப்பதால், ஊரையே கோயில் வளாகமாகக் கொண்டு, ஊருக்குள் எவரும் காலணி அணிவதில்லை என்னும் வழக்கம் அங்குத் தொன்றுதொட்டு நிலவுகிறது. உள்ளூராரும் வெளியூராரும் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கின்றனர்.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு சொல். 'கெவி' என்பது மலையிடை ஆழ்ந்த பள்ளத்தையும் குகையையும் குறிக்கும் சொல். வெள்ளகெவி என்பதே வெள்ளகவி என மருவிற்று. கத்தோலிக்கர் தம் ஆலய முற்றத்தில் லூர்து அன்னைக்குக் கல்லடுக்கி எழுப்பும் குகையைக் 'கெபி' என்று வழங்குகின்றனர். மலையூர்ப் பெயரின் கெவியும் மாதா கோயிலின் கெபியும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே என்பது என் கருத்து. சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய மாணவர்கள் இதனை மேலும் ஆராயலாம்.

வெள்ளகவியின் காலணி வழக்கத்தை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழகத்துச் சமவெளி ஊர்கள் பலவற்றில் செருப்பைக் கழற்றும் வழக்கம் வேறொரு பொருளில் வழங்கியது. தாழ்த்தப்பட்டோர் மட்டும் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையிலேந்தி நடக்க வேண்டும் என்பது அவ்வூர்களின் எழுதாச் சட்டம். ஒன்றில் இறைவனுக்கு முன் எல்லோரும் வெறுங்காலினர். மற்றொன்றில் மனிதனுக்கு முன் ஒரு சாரார் மட்டும் வெறுங்காலினர். செயல் ஒன்றே, அறம் வேறு. எரியும் முட்செடியின் முன் காலணியைக் கழற்றுமாறு மோசே கட்டளையிடப்பட்டதை விவிலியம் கூறுகிறது. மூசா நபி (அலை) அவர்களுக்குத் துவா பள்ளத்தாக்கில் அதே கட்டளை பிறந்ததைத் திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயம் கூறுகிறது. இரு சமயத்தார்க்கும் பொதுவான அந்நிகழ்ச்சியில் காலணியைக் கழற்றுவது படைத்தவனுக்குச் செய்யும் மரியாதையே, படைக்கப்பட்டவனுக்குச் செய்வதன்று. இவ்வேறுபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை தமிழ் மண்ணில் எவ்வாறு எதிர்கொண்டது, எங்கே வழுவிற்று, எப்போது விழித்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மலைக்கு வந்தவர்கள்

1821-ஆம் ஆண்டில் ஆங்கிலேய நில அளவையாளர் பி.எஸ். வார்டு குன்னுவர் ஊராகிய வெள்ளகவியைத் தளமாகக் கொண்டே கொடைக்கானல் மேட்டுக்கு ஏறிப் பழனிமலையை அளந்தார். 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். அவர்களைத் தொடர்ந்து பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருக்கள் வந்தனர். அவர்களுள் ஒருவரான லூயி செயின்ட் சிர் 1866-இல் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார். 1895-இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தோன்றிற்று. குருத்துவத்துக்குப் பயிலும் சேசு சபை இளைஞர்கள் பல்லாண்டுகள் அங்கே தங்கி மெய்யியல் கற்றனர். அக்கல்லூரியினர் சேர்த்த இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தைச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் வியந்து பார்க்கின்றனர்.

வண்டிச்சாலை வருமுன் வெள்ளையர் நடந்து மலையேறியது குறைவு. பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, கூலியாள்கள் தோள்கொடுத்த நாற்காலிகளிலோ ஏறினர். மலையிலும் மேல் கீழ் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் குறிப்புகள் குன்னுவரை நிலமுடையோராகவும், புலையரை அவர்களுக்கு அடிமை போல் உழைப்போராகவும், பளியரைக் காட்டில் தேன் எடுத்துக் கிழங்கு அகழ்ந்து வாழ்வோராகவும் காட்டுகின்றன. 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேட்டில் இச்செய்தியைக் காணலாம். சாதி என்பது சமவெளியின் நோய், மலை அதனின்று நீங்கியது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணத்திற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

செண்பகனூரில் பயின்ற இளைஞர்கள் பெற்ற மரபோ இவர்கள் மலையேறுவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் உருவானது. அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மரப்பாதுகை அணிந்த துறவி

இத்தாலி நாட்டு உயர்குடியில் 1577-இல் பிறந்த இராபர்ட்டு தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாந்தசு என்னும் போர்ச்சுகீசியர், பரவர் குலக் கிறித்தவர்களைப் பேணி வந்தாரேயன்றி மதுரை உயர்குடியினர் எவரையும் சேர்க்க இயலவில்லை. 'பறங்கி' என்னும் சொல்லே தடையாக நின்றது. மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், தோல்செருப்பு அணிவோர் என்னும் இகழ்ச்சி அச்சொல்லில் அடங்கியிருந்தது. நொபிலி தோல்காலணியைக் கைவிட்டார். காவியுடுத்து, மரப்பாதுகை அணிந்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்னும் பெயருடன் தனியிடம் அமைத்து வாழ்ந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருடைய ஞானோபதேசமும் ஆத்தும நிர்ணயமும் பெறும் இடத்தை இலக்கிய வரலாறு பயின்ற நம் மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அவர் கைவிட்ட தோற்செருப்பைச் சற்று நின்று நோக்குதல் தகும். தோலைத் தொடுவோன் தீண்டத்தகாதவன். அவன் தைத்ததை அணிவோனும் தூய்மையற்றவன். இக்கொள்கையை நொபிலி கண்டிக்கவில்லை. தமக்குப் பொருத்திக் கொண்டார். ஐரோப்பியப் பழக்கவழக்கங்களைக் கழற்றி எறிந்து தமிழராக வாழ முனைந்தது அவருடைய பெருமை. நிறவெறி கொண்ட பேரரசுகளின் காலத்தில், வெள்ளையனின் உடையும் உணவும் மறையின் பகுதியல்ல என்று துணிந்து கூறிய அவர்தம் குரல் மதிக்கத்தக்கது. ஆனால் ஓர் இனத்தின் செருக்கைக் கழற்றும்போதே வேறொரு சாதியின் செருக்கை அணிந்துகொள்ள நேர்ந்தது. சாதி சமூக ஒழுங்கேயன்றிச் சமயமன்று என்பது அவர் வாதம். அவ்வாதத்தால் வந்த விளைவை அடுத்த முந்நூறு ஆண்டுகள் காட்டின.

உரோமையில் இவ்வழக்கு ஆராயப்பட்டு, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஆணைமடல் ஒன்றை வெளியிட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் சமயப்பொருள் நீக்கிக் கைக்கொள்ளப்படலாம் என்று அம்மடல் இசைவளித்தது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. அதே மடல், குலப்பெருமை பேசுவோர் தாழ்ந்த பிறப்பினரை இகழாதிருக்குமாறும், குறிப்பாக இறைவாக்குக் கேட்குமிடத்தும் அருட்சாதனம் பெறுமிடத்தும் அவ்வாறு செய்யாதிருக்குமாறும் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டது. முற்பாதி மதுரையில் நடைமுறையாயிற்று. பிற்பாதி ஏட்டோடு நின்றது. இசைவு வேரூன்றியதுபோல் வேண்டுகோள் வேரூன்றாமற் போனதே தமிழ்க் கத்தோலிக்கத்தின் நெடிய துயரம் எனலாம்.

நொபிலியைப் போன்ற 'பிராமண சந்நியாசிகள்' தாழ்த்தப்பட்டோரிடம் வெளிப்படையாகச் செல்ல இயலாது. எனவே 1640-இல் பல்தசார் தா கொஸ்தாவைத் தொடக்கமாகக் கொண்டு 'பண்டாரசாமிகள்' என்னும் வேறொரு குருக்கள் பிரிவு தோன்றிற்று. 1693-இல் ஓரியூரில் தலைவெட்டுண்டு இறந்த அருளானந்தர் இப்பிரிவைச் சேர்ந்தவரே. இவர்கள் இல்லையேல் ஏழை எளியோர் பலர் மறையைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். அதே வேளையில், குருக்களுக்குள்ளேயே மேல் கீழ் என்னும் இரு அடுக்கு அமைந்துவிட்டது.

1704-இல் உரோமையிலிருந்து வந்த தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர் கிறித்தவரின் இல்லத்துக்குள் குருக்கள் சென்று இறுதி அருட்சாதனம் வழங்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இறக்கும் மனிதனின் குடிசைக்குள் நுழையுமாறு குருவுக்குத் தனியாக ஆணையிட வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் நிலையை உணர்த்தும். நாற்பதாண்டு வழக்காடலுக்குப் பின் 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவ்விதியை நிலைநிறுத்தினாலும், தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக்குருக்களை ஏற்படுத்தும் சமரசமும் உடன் வந்தது.

வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றில் இரு காரணங்களால் நினைக்கப்படுகிறது. ஒன்று, திருவிதாங்கூர் அரசப்பணியில் இருந்த நீலகண்டன் 1745-இல் அங்குத் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராது எல்லோருடனும் கலந்து பழகியது அவர் மீது சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. 1752-இல் ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மற்றொன்று, அவ்வூரிலேயே 1872-இல் எழுந்த ஆலயம். ஒரே பீடம், அதை நோக்கி இரு கால்கள் போல் விரியும் இரு கூடங்கள், ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இடையே சுவர். திருப்பலி நிறைவேற்றும் குருவை இரு சாராரும் காணலாம்; ஒருவரையொருவர் காண இயலாது. கட்டடக் கலையில் இதனை ஒரு திறமை என்றுகூடச் சொல்லலாம். சாதிக்காகத் தமிழர் செலவழித்த அறிவாற்றலைக் கணக்கிட்டால் பல கல்லூரிகள் எழுப்பியிருக்கலாம்.

1910-இல் கௌசானல் என்னும் பிரெஞ்சு சேசு சபைக் குரு அச்சுவரை இடித்தார். வேளாளர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் தனியிடம் எங்கள் வழிவழி உரிமை என்பது அவர்கள் வாதம். ஆலயம் சாதிக்குரியதன்று, திருச்சபைக்குரியது என்னும் நிலைப்பாடே வென்றது. இவ்வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சுவரைக் கட்டிய காலத்தும் பொறுப்பில் இருந்தவர்கள் குருக்களே, இடித்தவரும் குருவே. ஆகவே திருச்சபை சாதியை வளர்த்தது என்று ஒரே வரியில் முடிப்பதும், திருச்சபை சாதியை ஒழித்தது என்று ஒரே வரியில் முடிப்பதும் ஆய்வாகா.

2022 மே 15-ஆம் நாள் உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்திய நாட்டுப் பொதுநிலையினருள் புனிதர் நிலை எய்திய முதல்வர் அவர். அதற்குமுன் அவர் பெயருடன் இணைத்து எழுதப்பட்ட 'பிள்ளை' என்னும் சாதிப்பட்டம் முறையீடுகளின் பேரில் நீக்கப்பட்டது. சாதிக்காகச் சுவர் எழுப்பிய ஊரில் ஞானஒளி பெற்றவரின் பெயரிலிருந்து சாதி நீங்க இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

கடல்கடந்த நாடுகளில்

இச்சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அதன் பெயர் நிறம். 1838-இல் மேரிலாந்துச் சேசு சபையினர் தம் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த 272 ஆப்பிரிக்கரை விற்றனர். அத்தொகையின் ஒரு பகுதி வாசிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனடைக்கப் பயன்பட்டது. விற்கப்பட்டவர்கள் கத்தோலிக்கர்களாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். மறு ஆண்டு, 1839-இல், பதினாறாம் கிரகோரி அடிமை வாணிகத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டார். பிரெஞ்சு சேசு சபையினர் மதுரைப் பணியை மீண்டும் ஏற்றதும் அதே 1838-இல்தான். ஒரே சபை, ஒரே ஆண்டு. உலகின் இரு கோடிகளில் இரு சாதியமைப்புகளோடு அது உறவு கொண்டிருந்தது. விற்கப்பட்டோர் வழித்தோன்றல்களுக்காக நூறு மில்லியன் டாலர் திரட்டுவதாக அமெரிக்கச் சேசு சபையினர் 2021-இல் உறுதியளித்தனர்.

அதே சபையில் ஜான் லபார்ஜ் தோன்றினார். மேரிலாந்தின் கறுப்பின மக்களிடையே பல்லாண்டு பணியாற்றி, 1937-இல் இனங்களுக்கிடையேயான நீதியைப் பற்றி நூல் எழுதினார். அந்நூலைப் படித்த திருத்தந்தை பதினோராம் பயஸ் 1938-இல் அவரை அழைத்து, இனவெறியைக் கண்டிக்கும் சுற்றுமடல் ஒன்றை வரையுமாறு பணித்தார். மடல் வரையப்பட்டது. 1939 பிப்ரவரியில் திருத்தந்தை மறைந்தார். மடல் வெளிவரவே இல்லை. ஐரோப்பாவில் யூதர்மீது பேரழிவு சூழ்ந்த ஆண்டுகள் அவை. எழுதப்பட்டும் வெளிவராத அம்மடல், 1623-இன் பிற்பாதிக்கு உடன்பிறப்பு.

கொள்கையளவில் நிலை மாறிக்கொண்டே வந்தது. 'சமூக நீதி' என்னும் தொடரை 1840-களில் கையாண்டு பரப்பியவருள் தாப்பரெல்லி என்னும் இத்தாலியச் சேசு சபையினர் முன்னோடி. தமிழகத்தில் நீதிக்கட்சிக்கும் பெரியாருக்கும் உரிய சொல்லாக நாம் அறிந்த தொடருக்கு இப்படியொரு பழைய வரலாறும் உண்டு. 1891-இல் பதின்மூன்றாம் லியோ உழைப்பாளர் உரிமையை எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இனம், நிறம், சமூக நிலை, மொழி, சமயம் முதலியன பற்றிய எவ்வகை வேறுபாடும் இறைவன் திட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தது. அச்சங்கமே இசுலாமியரை மதிப்புடன் நோக்குவதாகவும் அறிவித்தது. 1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் இன்னும் ஒருபடி சென்று, பிறர்க்கு நீதியைப் பேச முற்படுவோர் முதலில் அவர்கள் கண்ணுக்கு நீதியுடையவராக இருத்தல் வேண்டும் என்றது. 1975-இல் சேசு சபையின் பொதுப்பேரவை, நம்பிக்கைப் பணியும் நீதிப்பணியும் பிரிக்கவொண்ணாதவை என்று தீர்மானித்தது. செண்பகனூர் மரபில் வந்த இளங்குருக்கள் மலையிறங்கிச் சேரிகளுக்குச் சென்று கணக்கெடுக்கத் தொடங்கியது இத்தீர்மானத்திற்குப் பிந்தைய தலைமுறையில்தான்.

செருப்புத் தைப்பவரின் வழக்கு

கணக்கெடுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சட்டத்தின் வரலாறு அறிய வேண்டும்.

1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைக் கடைப்பிடிப்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நின்றனர். கல்வி உதவித்தொகை, அரசுப்பணி ஒதுக்கீடு, தனித்தொகுதி ஆகியவற்றோடு இது முடிவதில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. தாக்குபவன் தாக்கப்படுபவனின் சமயம் கேட்டுத் தாக்குவதில்லை. ஆனால் சட்டம் சமயம் கேட்கிறது. தமிழகத்தில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பது சிறு ஆறுதலேயன்றி நிகரன்று.

1980-களின் தொடக்கத்தில் சென்னையில் சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைத்துப் பிழைத்த தொழிலாளர்க்குச் சிறு கடைப்பெட்டிகளை அரசு இலவசமாக வழங்கிற்று. பட்டியல் சாதியினர்க்கான திட்டம் அது. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரான ஒரு தொழிலாளிக்கு அது மறுக்கப்பட்டது. அதே சாலை, அதே தொழில், அதே தோல், அதே ஊசி. பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்று சட்ட நூல்களில் வழங்கும் அவ்வழக்கில் 1985-இல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் போக்கை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சமயம் மாறிய பின்னும் சாதி தொடரக்கூடும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும், முன்னைச் சமூகத்தில் பட்ட இழிவும் இடர்ப்பாடும் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்பதைத் தக்க சான்றுகளுடன் நிறுவ வேண்டும். அத்தகைய சான்று முன்வைக்கப்படவில்லை என்று கூறி மனு தள்ளப்பட்டது.

இதன் பொருள் யாது? செருப்புத் தைப்பவர் தம் உரிமையைப் பெறவேண்டுமாயின், தம் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று அவரே சான்று காட்ட வேண்டும். திருச்சபை அவருக்குத் துணைநிற்க விரும்பினால், அது தன்னைப்பற்றித் தானே சாட்சி சொல்ல வேண்டும். 'எங்கள் சமயத்தில் சாதி இல்லை' என்பது மேடையில் பேசப் பெருமையாக இருக்கும். அப்பெருமை பேசும் ஒவ்வொரு முறையும் அவருடைய மனுவுக்கு எதிரான ஒரு சான்று பதிவாகிறது. பெருமையா உண்மையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்திற்கு ஒரு சமயச் சமூகத்தை இத்தீர்ப்பு கொண்டுவந்து நிறுத்திற்று.

இது அயல்வீட்டுக் கதை என்று நாம் கடந்து செல்லுதற்கில்லை. அதே மூன்றாம் பத்தி இசுலாத்தைத் தழுவிய ஒடுக்கப்பட்டோரையும் வெளியே நிறுத்துகிறது. 1981-இல் மீனாட்சிபுரத்தில் இசுலாத்தைத் தழுவியோரின் மக்கள் எந்தப் பட்டியலில் எழுதப்பட்டனர் என்பதும் இவ்வாணையோடு தொடர்புடையதே. சமத்துவம் வேதத்தில் உள்ளது என்பது வேறு. அது திருமண உறவிலும் குடியிருப்பிலும் உள்ளதா என்பது வேறு. இரண்டாவதைக் கேட்பவன் முதலாவதை மறுப்பவன் அல்லன்.

சாட்சிகள்

சான்று தேடும் பணியை மதுரையில் சேசு சபையினர் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் மேற்கொண்டது. தலித் கிறித்தவர் படும் வேறுபாடுகளைப் பற்றி அந்தோணிராஜ் என்னும் சேசு சபைக் குரு நடத்திய ஆய்வு 1992-இல் வெளிவந்தது. ஆலயத்தில் தனியிடம், கல்லறையில் தனியிடம், தேர் வராத தெரு, பாடகர் குழுவிலும் பீடப்பணியிலும் இடமின்மை எனப் பலவும் அதில் முறையாகத் தொகுக்கப்பட்டன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் பிரித்து நிற்கும் சுவர் நாடறிந்தது. தமிழக ஆயர் பேரவை 1990-இல் தலித் கிறித்தவர் முன்னேற்றத்திற்கெனப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை வகுத்திருந்தது. ஆய்வு அதற்கு முன் நின்று, எத்தனை அம்சம் தரையிறங்கிற்று என்று கேட்டது.

அதே மையம் அதே 1992-இல் வெளியிட்ட மற்றொரு நூல் தமிழிலக்கியத்தின் திசையை மாற்றிற்று. பாமாவின் 'கருக்கு' அது. துறவற மடத்தில் சேர்ந்து, ஏழைகளுக்கு உழைக்கச் சென்ற இடத்தில் ஏழைமையே இல்லாததைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் தன்வரலாறு. வத்திராயிருப்புக்கு அருகே உள்ள புதுப்பட்டிப் பேச்சுமொழியில், செந்தமிழ் இலக்கணத்தைப் பொருட்படுத்தாது எழுதப்பட்டது. தமிழ்த்துறையினர் பலர் தொடக்கத்தில் இதனை இலக்கியமாக ஏற்கத் தயங்கினர். பின்னர்ப் பாடநூலாயிற்று. 2000-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுப் பரிசும் பெற்றது. என் நோக்கில் இந்நூலின் சிறப்பு மொழியில் மட்டுமன்று. நீதிமன்றம் கேட்ட சான்று எந்த வடிவில் இருக்க இயலும் என்பதை அது காட்டிற்று. ஆய்வறிக்கை எண்ணிக்கையைத் தரும். 'கருக்கு' அந்த எண்ணிக்கைக்குள் ஒருத்தி எப்படி மூச்சுவிட்டாள் என்பதைத் தந்தது. இரண்டையும் திருச்சபையைச் சேர்ந்த ஒரு நிறுவனமே வெளியிட்டது என்பதை மறக்கலாகாது. தன்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டை அச்சிட்டுத் தரும் துணிவு எல்லா நிறுவனங்களுக்கும் வாய்ப்பதில்லை.

துணிவு ஓரிடத்தில் இருந்தால் அச்சம் வேறிடத்தில் இருக்கும். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான்பால், கிறித்தவரிடையே சாதி வேறுபாட்டின் சாயலும் இருத்தலாகாது என்று எடுத்துரைத்தார். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஆலய உரிமை பற்றி வன்னியக் கிறித்தவர்க்கும் தலித் கிறித்தவர்க்கும் மோதல் மூண்டது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். செபமாலை அன்னைக்கு எழுந்த ஆலயத்தின் நிழலில் அது நிகழ்ந்தது. தலித் மக்கள் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டனர். தனிப்பங்கு தந்தால் வடக்கன்குளத்துச் சுவரை வேறொரு வடிவில் எழுப்பியதாகும். தராவிட்டால் அவமதிப்பை நாள்தோறும் சகிக்கச் சொல்வதாகும். எளிதில் தீர்ப்புக் கூறவியலாத இடம் இது. பிரிந்திருக்கக் கேட்பவன் ஏன் கேட்கிறான் என்று அறியாது அவனைப் பிரிவினைக்காரன் என்பது மட்டும் அநீதி.

2016 திசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமையும் வேறுபாடும் நிலவுகின்றன என்பதை அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2022-இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அந்நிலை எய்திய முதல் தலித் அவர். நொபிலி மதுரைக்கு வந்து 416 ஆண்டுகளுக்குப் பின் இது நிகழ்ந்தது.

அரசுத் தரப்பில், நீதியரசர் ரங்கநாத் மிசுரா ஆணையம் 2007-இல் அளித்த அறிக்கை, பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்தினின்று பிரித்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2009-இல் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, பரிந்துரை நிறைவேற்றப்படவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சமயம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை தொடர்கிறதா என்பதே அவ்வாணையத்தின் முன்னும் உள்ள வினா. 1985-இல் சான்று இல்லை என்று திருப்பியனுப்பப்பட்ட அதே வினா அது. இம்முறை, ஊர்தோறும் சென்று சாட்சியம் தொகுத்தவர்களின் கையில் 1992-இன் இரு நூல்களும், அவற்றுக்குப் பின் எழுந்த பல ஆய்வேடுகளும், ஆயர்களின் கையொப்பமிட்ட 2016-ஆம் ஆண்டு ஆவணமும் உள்ளன.